தாழ்த்தச் சொன்னால் தாழாத விளக்கு

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து தூத்துக்குடி வீட்டுக்குக் கூட்டிவந்த முதல் ராத்திரியே பிரச்சினை ஆரம்பித்துவிட்டது. படுக்கையறையில் 9 வாட் எல்.இ.டி. பல்பு. போட்டால் அம்மாவுக்குக் கண் கூசுகிறது. அணைத்தால் பாத்ரூமுக்குப் போகிற வழி தெரியவில்லை. எழுபத்தாறு வயது. ஒரு தடவை தடுக்கி விழுந்தால் கண்ணைக் காப்பாற்றி இடுப்பைத் தொலைத்த கதையாகிவிடும்.

"எய்யா, அந்த வெளக்க கொஞ்சம் தாழ்த்தி வையேன்" என்றாள்.

சுவிட்சில் கை வைத்தபடி நின்றேன். போடலாம், அணைக்கலாம். தாழ்த்த எப்படி முடியும்?

மறுநாளே ஆன்லைனில் தேடி ரிமோட்டில் இயங்கும் டிம்மர் ஒன்றை வாங்கினேன். தீப்பெட்டி அளவு கருவி, கூடவே சின்ன ரிமோட். தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி வந்து மாட்டிக் கொடுத்தார். ரிமோட்டை அழுத்தினேன். முதல் நாலு அழுத்தலுக்கு வெளிச்சம் அசையவே இல்லை. ஐந்தாவதுக்குப் பல்பு படபடவென்று துடித்தது. ஆறாவதுக்குப் பொட்டென்று அணைந்தது. சரி, அணைந்தாவது இருக்கட்டும் என்று படுத்தால், இருட்டில் சில விநாடிக்கு ஒரு தடவை பளிச், பளிச் என்று ஒரு மினுக்கல்.

"என்னய்யா இது, தொறமொகத்து கலங்கரை வெளக்கு மாதிரி மினுக்குது" என்றாள் அம்மா. அன்றைக்கு அவளும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

காலையில் அண்ணாச்சிக்கு போன் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, டிம்மர் சொல்றத பல்பு கேக்கணும்லா? இந்த பல்பு யார் சொன்னாலும் கேக்காது."

அந்த ஒரு வரிதான் இந்தக் குறிப்பை எழுத வைத்தது. விளக்கைத் தாழ்த்துவது என்பது மனிதன் ஆயிரக்கணக்கான வருஷமாகச் செய்துவந்த வேலை. இத்தனை தொழில்நுட்பம் வந்த பிறகு, நம் வீட்டு விளக்கு மட்டும் ஏன் கேட்க மறுக்கிறது? பதில் மின்சாரப் புத்தகத்தில் பாதியும் வரலாற்றில் பாதியுமாக இருக்கிறது.

மூன்று வினைச்சொற்கள்

தமிழில் விளக்குக்கு என்று தனி வினைச்சொற்கள் உண்டு. வெளிச்சம் கூட வேண்டுமானால் விளக்கைத் *தூண்டுவோம்*. குறைய வேண்டுமானால் *தாழ்த்துவோம்*. நிறுத்த வேண்டுமானால் *குளிர வைப்போம்*; 'அணை' என்று சொல்ல வாய் வராத பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். மூன்று செயல்களில் இரண்டு, எரிகிற விளக்கின் அளவை மாற்றுவது பற்றியவை. சுவிட்சுக்கோ இரண்டே நிலை. மின்சாரம் வந்தபோது நம்மிடமிருந்து ஓசையில்லாமல் போனது அந்த நடுச்சொல்தான்.

அகல் விளக்கில் திரியை மேலே இழுக்க ஒரு குச்சி இருக்கும். அதுதான் தூண்டுகோல். 'எரிகிற விளக்கானாலும் தூண்டுகோல் வேண்டும்' என்ற பழமொழியில் இன்று நாம் மனிதர்களைத்தான் நினைக்கிறோம். முதலில் அது உண்மையான குச்சி. திரி வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு எண்ணெய் மேலேறி எரியும். அதாவது தூண்டுகோல் கட்டுப்படுத்தியது எரிபொருளை. தூண்டாமணி விளக்கு இன்னும் ஒரு படி மேல். எண்ணெய் குறையக் குறைய, தனிக் கலத்திலிருந்து தானே இறங்கி வந்து நிரம்பும்படி செய்த விளக்கு அது. யாரும் பக்கத்தில் நின்று கவனிக்காமலே ஒளியை ஒரே அளவில் வைத்திருக்கும் ஏற்பாடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கடைசியில் திரும்ப வருவோம்.

1780களில் ஐமே ஆர்கண்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் குழாய் வடிவத் திரியும் கண்ணாடிச் சிம்னியும் வைத்து விளக்கு செய்தார். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் பரவியது. நம் வீடுகளுக்கு அரிக்கேன் விளக்கு வந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு. திருகினால் பல்சக்கரம் சுழன்று தட்டைத் திரி ஏறும், இறங்கும். அம்மா 'தாழ்த்தி வை' என்றபோது அவள் விரல்கள் காற்றில் திருகியதைக் கவனித்தேன். அந்தத் திருகுதான் அவளுக்குத் தெரிந்த டிம்மர். விலை சல்லிக்காசு, தவறவே தவறாது.

முத்துக் கரையின் வெளிச்சம்

இந்தக் கடற்கரையில் வெளிச்சத்தின் அளவு பிழைப்போடு சம்பந்தப்பட்ட விஷயம். முத்துச் சலாபம் நடந்த காலங்களில் படகுகள் ராத்திரியிலேயே கரைக்காற்றைப் பிடித்துக் கிளம்பும். விடியும்போது பார்களில் நிற்கும். சூரியன் ஏறிய பிறகுதான் குளியாட்கள் இறங்குவார்கள். அடியில் சிப்பியைத் தடவி எடுப்பவனுக்கு மேலேயிருந்து ஊடுருவும் பகல் வெளிச்சத்தை விட்டால் வேறு விளக்கில்லை. மத்தியானக் கடற்காற்றில் கரை திரும்புவார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக் குளிப்பு நடந்தது 1961-ல்.

கரைக்கு வந்த முத்தைப் பார்ப்பதற்கும் வெளிச்சம் முக்கியம். எண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளியில் வெள்ளை முத்துக்கும் இளமஞ்சள் முத்துக்கும் வித்தியாசம் தெரியாது. வெளிச்சத்துக்கு அளவு ஒன்று, நிறம் ஒன்று என்று இரண்டு குணங்கள் இருப்பதை முத்தைத் தரம் பிரிப்பவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிம்மர் கதையிலும் இந்த இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. சுடரைத் தாழ்த்தினால் அளவு குறைவதோடு நிறமும் சிவக்கும். நம் கண் அந்தச் செம்மஞ்சளைத்தான் 'தூங்கப்போகிற நேரம்' என்று பழகி வைத்திருக்கிறது.

பிறகு பெட்ரோமாக்ஸ் வந்தது. கல்யாண வீட்டிலும் மீன் ஏலத்திலும் அதுதான். பம்ப் அடித்தால் பளீரென்று எரியும், காற்று இறங்கினால் மங்கும். நாம் விரும்பிய அளவில் நிறுத்தி வைப்பது லேசில்லை. திரி விளக்கின் கீழ்ப்படிதல் அதனிடம் கிடையாது. பளீர் வெளிச்சத்துக்கு நாம் கொடுத்த முதல் விலை அது.

உப்புத் தண்ணீர் டிம்மர்

மின்விளக்கைத் தாழ்த்த வேண்டிய அவசியம் முதலில் வந்தது வீட்டில் அல்ல, நாடக மேடையில். லண்டனின் சவாய் தியேட்டர் 1881-ல் முழுக்க மின்விளக்கில் இயங்கத் தொடங்கியது. ஜோசப் ஸ்வானின் பல்புகள் சுமார் 1200. மேடையில் பொழுது சாய வேண்டும், நிலா எழ வேண்டும். பல்பை அணைத்துப் போட்டால் பொழுது சாயாது.

அதற்கு அவர்கள் கண்ட வழி தடை. மின்சாரம் போகிற பாதையில் நீளமான கம்பிச் சுருளை வைத்தால் பல்புக்குப் போகிற மின்னோட்டம் குறையும். இதற்கே இன்னொரு மலிவான வழியும் நாடக அரங்குகளில் இருந்தது: உப்புத் தண்ணீர். ஒரு ஜாடியில் உப்புக் கரைத்த தண்ணீர். அடியில் ஓர் உலோகத் தகடு, மேலே கயிற்றில் தொங்கும் இன்னொரு தகடு. மேல்தகட்டை இறக்கினால் இடைவெளி குறைந்து தடை குறையும், விளக்கு பிரகாசிக்கும். ஏற்றினால் மங்கும். வெளிச்சம் போதவில்லையா, இன்னும் ஒரு பிடி உப்பு போடு. தண்ணீர் சூடாகி ஆவியாகும், அடிக்கடி ஊற்ற வேண்டும், தெரியாமல் கை வைத்தால் ஆளே காலி. ஊரைச் சுற்றி உப்பளமாகக் கிடக்கும் தூத்துக்குடிக்காரன் இதைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்ச் சரக்கில் உலக நாடக மேடைகளில் நிலா எழுந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டேன். (வெறும் நினைப்புதான், ஆதாரம் கேட்காதீர்கள்.)

தடை டிம்மரின் கோளாறு, அது விளக்கிலிருந்து மிச்சம் பிடித்ததைச் சூடாக வெளியே விடும் என்பது. அரங்குகளில் அதனால் தீப்பிடிக்கும் ஆபத்து இருந்தது. அமெரிக்கக் கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் கிரான்வில் வுட்ஸ் 1896-ல் பாதுகாப்பான மேடை டிம்மருக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனாலும் அந்தத் தடைச் சுருள் வெகுகாலம் நம் வீட்டுச் சுவரில் வாழ்ந்தது. பழைய குண்டு ஃபேன் ரெகுலேட்டர் ஞாபகம் இருக்கிறதா? ஃபேனை ஒன்றாம் நம்பரில் வைத்துவிட்டு அதைத் தொட்டால் கை சுடும். அது நாடக மேடை டிம்மரின் ஏழைத் தம்பி.

நம் ஊர் விடை: ஜீரோ வாட்

பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1944-ல். 1957-ல் மின்வாரியம் அமைந்தது. 1979-ல் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடியது. பின்னால் 210 மெகாவாட் யூனிட்கள் ஐந்தாகின. துறைமுகத்தில் கப்பலில் வந்திறங்கும் நிலக்கரி, பக்கத்திலேயே மின்சாரமாகிறது. ஊருக்கு வெளிச்சம் வந்தது. தாழ்த்துகிற திருகு மட்டும் வரவில்லை.

அந்த இடத்தை நாம் வேறு மாதிரி நிரப்பினோம். ஒரு விளக்கைத் தாழ்த்துவதற்குப் பதில் இரண்டு விளக்கு வைத்தோம். மேலே 40 வாட் ட்யூப் லைட், ஓரத்தில் நீலத்திலோ பச்சையிலோ ஒரு ஜீரோ வாட் பல்பு. பெயர்தான் ஜீரோ, உண்மையில் சுமார் 15 வாட் இழுக்கும். அந்தக் காலத்துச் சக்கர மீட்டரில் இவ்வளவு சின்ன லோடு சரியாகப் பதிவாகாததால் வந்த பெயர் என்று சொல்வார்கள். சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்த ட்யூப் லைட்டைச் சாதாரண டிம்மரால் மங்கலாக்க முடியாது என்பதால், நம் நாட்டில் வீட்டு டிம்மர் பெரிதாக வேரூன்றவும் இல்லை.

ஆனால் யாரும் கேட்காமலே ஒரு டிம்மர் எல்லார் வீட்டிலும் இருந்தது. அதன் பெயர் லோ வோல்டேஜ். சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே விளக்குப் போட்டதும் குண்டு பல்பு சிவந்து, உள்ளே இருக்கும் கம்பியை எண்ணிப் பார்க்கலாம் போல ஆகிவிடும். இழை பல்பின் குணம் அப்படி: வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். 230 வோல்ட் 170 ஆனால், வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளின் கண்ணீர் அந்தக் கணக்கில் இருக்கிறது. கம்பி, தனக்கு வந்ததை அப்படியே வெளிச்சமாகக் காட்டிவிடும். ஒளிக்க அதற்கு வழியில்லை. இதுவும் பின்னால் வேண்டியிருக்கும்.

அலையை வெட்டியவர்

வீட்டுக்குள் டிம்மர் வரக் காரணம் ஒரு சிலிக்கான் துண்டு. 1957-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் தைரிஸ்டர் உருவானது. மின்சாரத்துக்கு அது ஒரு கதவு மாதிரி. ஒரு சின்னச் சைகை கொடுத்தால் திறக்கும்; மின்னோட்டம் அடங்கும்வரை மூடாது. 1959-ல் ஜோயல் ஸ்பைரா என்பவர் இதை வைத்து, சுவரில் சுவிட்ச் இருக்கும் இடத்திலேயே உட்காரும் டிம்மரைச் செய்தார். 1961-ல் லூட்ரான் நிறுவனத்தைத் தொடங்கினார். 1962-ல் காப்புரிமை கிடைத்தது.

அவர் செய்தது இது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று; அதாவது 100 அரை அலைகள். ஒவ்வொன்றும் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் நீடிக்கும். ஒவ்வொரு அரை அலையிலும் கதவைக் கொஞ்சம் தாமதமாகத் திறந்தால் பல்புக்குப் போகிற சக்தி குறையும். பாதி நேரம் கழித்துத் திறந்தால் பாதிச் சக்தி. தடை வேண்டாம், சூடு வேண்டாம். அலையின் முன்பகுதியை வெட்டிவிடுகிறோம், அவ்வளவுதான். இழை பல்பின் கம்பி விநாடிக்கு நூறு தடவை குளிர்ந்து சூடாக நேரமில்லாததால் ஒரே சீராக மங்கி எரியும்.

இங்கே ஒரு பெரிய மாற்றம் நடந்துவிட்டது. தூண்டுகோல் எரிபொருளைக் கட்டுப்படுத்தியது. உப்புத் தண்ணீர் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியது. ஸ்பைராவின் டிம்மர் கட்டுப்படுத்தியது நேரத்தை.

தூரத்திலிருந்து ஒரு சைகை

ரிமோட்டின் கதைக்கு நம் பக்கத்திலேயே தொடக்கம் உண்டு. 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் கம்பியே இல்லாமல், சுவர்களைத் தாண்டி ஒரு மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் பற்ற வைத்துக் காட்டினார். 1898-ல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா ரேடியோ அலையால் ஒரு பொம்மைப் படகை ஓட்டினார். 1956-ல் ஜெனித் நிறுவனத்துக்காக ராபர்ட் ஆட்லர் செய்த டி.வி. ரிமோட்டில் பேட்டரியே கிடையாது. பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு சுத்தி அலுமினியத் தண்டைத் தட்டும். மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஒலிதான் சைகை.

இன்று நம் கையில் இருக்கும் ரிமோட்டுகளில் பெரும்பாலானவை அகச்சிவப்பு. அதன் மூக்கில் ஒரு சின்ன எல்.இ.டி. இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் செல்போன் கேமராவை அதற்கு நேரே பிடித்துப் பொத்தானை அமுக்கினால் பல போன்களில் ஊதா நிறத்தில் மினுக்குவது தெரியும். விநாடிக்குச் சுமார் 38 ஆயிரம் தடவை அணைந்து எரிகிற துடிப்புகளை விட்டு விட்டு அனுப்பி அது செய்தி சொல்கிறது. முயல் தீவுக் கலங்கரை விளக்கமும் இதைத்தான் மெதுவாகச் செய்கிறது. எந்த இடைவெளியில் மினுக்குகிறது என்பதை வைத்துத்தான் அது எந்த ஊர் விளக்கு என்று மாலுமி கண்டுகொள்வார்.

அம்மா தன் அறையில் மினுக்கியதைக் கலங்கரை விளக்கம் என்றது பாதி சரி. ஆனால் அந்த மினுக்கல் எந்தச் செய்தியும் சொல்லவில்லை. அது ஒரு கசிவு.

கேட்காத விளக்கு

1962-ல் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யைச் செய்தார். வெள்ளை வெளிச்சத்துக்கு நீலம் வேண்டும். அதற்கு முப்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1993-ல் ஜப்பானில் ஷுஜி நாகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். அவருக்கும் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு. அடுத்த வருஷமே, 2015 ஜனவரி 5 அன்று, மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கியது. 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் அதில் விநியோகமாயின. விலை மளமளவென்று இறங்கியது. குண்டு பல்பு காணாமல் போனது.

வெளிச்சம் மலிவானால் அதிகமாகவும் ஆகும். கடலில் எல்.இ.டி. விளக்குகளைக் கொளுத்தி மீனைக் கூட்டிப் பிடிக்கும் முறை பரவி, சிறு மீனவர்கள் கொதித்தெழுந்து, 2017 நவம்பரில் மத்திய அரசு அதைத் தடை செய்தது. கடலில் சட்டம் போட்டுத் தாழ்த்த வேண்டிய விளக்கு, வீட்டில் கண்ணைக் கூச வைப்பதில் ஆச்சரியமில்லை.

சரி, நம் பல்புக்கு வருவோம். எல்.இ.டி. பல்பின் அட்டைப்பெட்டியில் '100 முதல் 300 வோல்ட் வரை' என்பது போல எதையாவது அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பொருள்: வோல்டேஜ் எப்படி ஆடினாலும் வெளிச்சம் ஆடாது. பல்பின் அடிப்பகுதியில் டிரைவர் என்று ஒரு சின்னச் சுற்று இருக்கிறது. வருகிற மின்சாரத்தை அது நேர்மின்னோட்டமாக்கி, ஒரு மின்தேக்கியில் சேர்த்து, எல்.இ.டி.க்கு எப்போதும் ஒரே அளவு மின்னோட்டம் போகும்படி பார்த்துக்கொள்கிறது. தூண்டாமணி விளக்கின் எண்ணெய்க் கலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் கவனிக்காமலே ஒளியை ஒரே அளவில் வைத்திருப்பது. அதே வேலைதான்.

லோ வோல்டேஜ் கொடுமையிலிருந்து நம்மை விடுவித்தது இந்த டிரைவர். டிம்மர் சொல்வதைக் கேட்க மறுப்பதும் இதே டிரைவர்தான். டிம்மர் அலையை வெட்டிக் கொடுக்கிறது. டிரைவரோ 'ஓஹோ, வோல்டேஜ் குறைந்துவிட்டது, நான் ஈடுகட்டுகிறேன்' என்று இன்னும் உழைக்கிறது. அதனால்தான் முதல் நாலு அழுத்தலுக்கு எங்கள் பல்பு அசையவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் ஈடுகட்ட முடியாமல் தடுமாறும்போது படபடப்பு. பிறகு பொட்.

படபடப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. டிம்மருக்குள் இருக்கும் கதவு, அதன் வழியே குறைந்தபட்ச மின்னோட்டம் ஓடினால்தான் திறந்தபடி நிற்கும். 60 வாட், 100 வாட் இழை பல்புக்காகச் செய்த கதவு அது. 9 வாட் பல்பு இழுக்கும் துளி மின்னோட்டத்துக்கு அது பாதியிலேயே மூடிக்கொள்கிறது.

அணைத்த பிறகும் மினுக்கியதற்கு ரிமோட்தான் காரணம். ரிமோட்டின் சைகையைக் கேட்க, டிம்மர் கருவி எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். விழித்திருக்கக் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். எங்கள் கருவி இரண்டு ஒயர் வகை. அதற்கு நியூட்ரல் ஒயர் கிடையாது. ஆகவே தனக்கு வேண்டியதை அது பல்பு வழியாகவே இழுத்துக்கொள்கிறது. குண்டு பல்பாக இருந்தால் அந்தக் கசிவு தெரிந்திருக்காது. எல்.இ.டி. பல்பின் மின்தேக்கி அதைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, நிறைந்ததும் ஒரு தடவை பளிச். மறுபடி சேர்ப்பு, மறுபடி பளிச். அம்மாவின் கலங்கரை விளக்கம் அதுதான்.

இதைத்தான் அண்ணாச்சி ஒரே வரியில் சொன்னார். திரிக்கும் கம்பிக்கும் சொந்த புத்தி கிடையாது, கொடுத்ததை எரிக்கும். எல்.இ.டி. பல்புக்குள் முடிவெடுக்கிற ஒரு பொருள் உட்கார்ந்திருக்கிறது. இனி டிம்மர் கட்டளை போட முடியாது, வேண்டுகோள்தான் வைக்க முடியும். வேண்டுகோள் புரிகிற பல்பா என்று பார்த்து வாங்க வேண்டியது நம் பொறுப்பு.

அண்ணாச்சி இரண்டாம் முறை வந்தபோது

எங்கள் வீட்டில் கடைசியில் பலித்ததைச் சொல்கிறேன். உங்களுக்கும் பயன்படலாம்.

முதலில் பல்பை மாற்றினோம். பெட்டியின் மேல் 'டிம்மபிள்' என்று போட்டிருக்க வேண்டும். அதன் டிரைவர் வெட்டுப்பட்ட அலையைப் பார்த்து, அதைக் குறைக்கச் சொல்லும் சைகையாகப் புரிந்துகொள்ளும்படி செய்தது. சாதாரண பல்பை விட விலை கூட; கடையில் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து டிம்மர். நியூட்ரல் ஒயர் இணைக்கிற வகையாகவும், எல்.இ.டி.க்கு என்று குறிப்பிட்டு, அலையின் பின்பகுதியை வெட்டுகிற வகையாகவும் வாங்கினோம். முன்பகுதியை வெட்டினால் ஒவ்வொரு அரை அலையிலும் மின்சாரம் திடீரென்று பாயும்; டிரைவர் ரீங்காரமிடும். பின்பகுதியை வெட்டும்போது அந்த அதிர்ச்சி இல்லை. நம் ஊர் சுவிட்ச் போர்டுகளில் பிளக் பாயின்ட்டும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் அங்கேயே கிடைக்கும். அண்ணாச்சி மெயினை அணைத்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் இழுத்துக் கொடுத்தார். அப்படியே டெஸ்டர் வைத்து, சுவிட்ச் பேஸ் ஒயரில்தான் இருக்கிறதா என்றும் பார்த்தார். சில பழைய வீடுகளில் அது நியூட்ரலில் மாறிக் கிடக்கும், அப்போதும் எல்.இ.டி. இருட்டில் பேயாக மினுக்கும்.

மூன்றாவது, அவர் சுவர் சுவிட்சை எடுக்கவில்லை. "ரிமோட் கட்டிலுக்கு அடியில விழுந்துட்டுன்னா அம்மா என்ன செய்வாங்க?" என்றார். எனக்குத் தோன்றாத விஷயம்.

நாலாவது, கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும் என்று சோதித்தோம். சில கருவிகள் பழைய அளவை மறந்து முழு வெளிச்சத்தில் எழும். நடுராத்திரி இரண்டு மணிக்கு ஆபரேஷன் செய்த கண்ணுக்கு நேரே முழு வெளிச்சம் வந்தால் எப்படி இருக்கும்? நினைவு வைத்திருக்கும் கருவியா என்று கேட்டு வாங்குங்கள்.

ஃபேன் ரெகுலேட்டரில் பல்பை மாட்டிப் பார்க்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம். செல்போனிலேயே வெளிச்சத்தை மாற்றும் 'ஸ்மார்ட்' பல்பை டிம்மரில் மாட்டவும் கூடாது. அதற்குள்ளேயே டிம்மர் இருக்கிறது. இரண்டு மாமியார் ஒரே வீட்டில் இருந்த கதைதான்.

இவ்வளவும் செய்த பிறகு ரிமோட்டை அழுத்தினேன். வெளிச்சம் படிப்படியாக இறங்கியது. துடிப்பு இல்லை, ரீங்காரம் இல்லை. கடைசிப் படியில், அதாவது பத்தில் ஒரு பங்கில், நின்றது. அம்மா பார்த்துவிட்டு, "இன்னும் வெளிச்சமாத்தான இருக்கு" என்றாள்.

அவள் சொன்னதும் சரிதான். கண் வெளிச்சத்தை நேர்க்கணக்கில் அளப்பதில்லை. கருவி அளக்கும் பத்தில் ஒரு பங்கு, இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு போலத் தெரியும். போதாததற்கு, எல்.இ.டி. தாழும்போது நிறம் சிவப்பதில்லை. வெள்ளை, குறைந்த வெள்ளையாகத்தான் ஆகும். அரிக்கேன் விளக்கின் செம்மஞ்சளை அவள் கண் தேடுகிறது. அதனால் பல்பை மஞ்சள் சாயல் கொண்ட 'வார்ம் ஒயிட்'டுக்கு மாற்றினேன். நடுராத்திரிக்கென்று, கட்டிலிலிருந்து பாத்ரூம் போகிற வழியில், முழங்கால் உயரத்தில் அரை வாட் நைட் லேம்ப் ஒன்றையும் செருகி வைத்தேன். சுற்றிச் சுற்றிக் கடைசியில் பழைய ஜீரோ வாட் பல்புக்கே வந்து சேர்ந்தேன் என்று சொன்னால் தப்பில்லை. இரண்டு விளக்கு வைத்த நம் அப்பன் பாட்டன்மார் விவரம் இல்லாமல் செய்யவில்லை.

இதனால் கரண்ட் பில் குறையுமா என்று கேட்காதீர்கள். 9 வாட் பல்பு 10 மணி நேரம் எரிந்தாலே 0.09 யூனிட்தான். தாழ்த்துவது கண்ணுக்காக, பில்லுக்காக அல்ல.

இப்போது அம்மா படுக்கப் போகும்போது ரிமோட்டை எடுத்து நாலு தடவை அமுக்குகிறாள். ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் இறங்குவதை நிமிர்ந்து பார்த்து உறுதி செய்துகொள்கிறாள், அரிக்கேன் திருகைத் திருகிவிட்டுச் சுடரைப் பார்ப்பது போல. போன வாரம் போனில் பேசும்போது கேட்டேன்: "வெளக்கு ஒழுங்கா எரியுதாம்மா?"

"எரியுது எரியுது. தாழ்த்துனா தாழுது" என்றாள்.